நாற்பத்தொரு சதவீதம்

காலை ஏழு. திரோன்ஹெய்ம் விடியவில்லை.
மைனஸ் பதினான்கு.
இருபத்தைந்து டன் எடையுள்ள என் இயந்திரம்
இரவெல்லாம் செருகியிருந்த கைபேசியைப் போல
சுவரோரம் படுத்திருக்கிறது.

திரையில் நூறு.
அது கோடைகாலத்து நூறு.
குளிர் அதில் இருபதைத் தரகு எடுத்துக்கொள்ளும்.
எனக்குத் தெரியும், திரைக்குத் தெரியாது.

ஒன்பது வருடம் டீசல் ஓட்டினேன்.
தொட்டி காய்ந்தால் வண்டி வரும்,
குழாய் செருகிப் பத்து நிமிடம்,
ஒரு சிகரெட். அவ்வளவுதான் கணக்கு.
இப்போது ஒவ்வொரு வாளி மண்ணுக்கும்
மனசுக்குள் ஒரு சில்லறைச் சத்தம்.

தெருவுக்கு அந்தப் பக்கம் மழலையர் பள்ளி.
முற்றத்தில் ஏழு தள்ளுவண்டிகள்,
ஏழிலும் கம்பளி மூட்டையாய்க் குழந்தைகள்
பனியில் தூங்குகின்றன. இந்த ஊரில் அப்படித்தான்.
நான் பன்னிரண்டடி தள்ளிப்
பழைய குடிநீர்க் குழாயைத் தோண்டுகிறேன்.
ஒருவரும் விழிக்கவில்லை.
போன வருடம் நாளுக்கு இரண்டுமுறை
சண்டைக்கு வந்த ஆசிரியை சுன்னிவா
இப்போது ஜன்னலிலிருந்து கையசைக்கிறாள்.

ஒன்பதரைக்கு
பின்னோக்கி நகர்ந்தபோது கண்ணாடியில்
ஒரு மஞ்சள் தலைக்கவசம்.
என் கை எனக்கு முன்பே நின்றது.
வியெஸ்வாவ் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.
டீசல் தன் வருகையைத் தானே முரசறைந்தது.
இது பூனை மாதிரி வருகிறது,
இருபத்தைந்து டன் பூனை.
அவன் நிமிர்ந்தான். பார்த்தான். நகர்ந்தான்.
அதைப் பற்றி நாங்கள் இருவரும்
இதுவரை பேசவில்லை.

இந்தத் தெருவின் மின்மாற்றி எங்களுக்கு ஒதுக்குவது
இரண்டு வீட்டு அடுப்புக்குத்தான் காணும்.
அதனால் மதியத்துக்கு
மின்கலப் பெட்டி ஒன்று லாரியில் வரும்.
லாரி டீசல்.
மேற்பார்வையாளன் தூர்பியர்ன் அந்தப் புகையை
தினமும் விரல் நீட்டிக் காட்டிச் சிரிப்பான்.
நான் சிரிப்பதில்லை. அது உண்மை.

இன்று லாரி வரவில்லை.
பாலத்து ஏற்றத்தில் வழுக்கி
குறுக்கே நிற்கிறதாம்.

நாற்பத்தொன்று.

அறுபது வீட்டுக்குத் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம்.
இருட்டுவதற்குள் குழாய் மாற்றி
மண் மூட வேண்டும்.
கேபின் சூடேற்றியை அணைத்தேன்.
மூச்சு கண்ணாடியில் பூ வரைந்தது,
கையுறையால் துடைத்துத் துடைத்துத் தோண்டினேன்.
மண்ணைத் தூரக் கொட்டாமல் பக்கத்திலேயே வைத்தேன்.
வாளியை வெறுமனே சுழற்றவில்லை.
முப்பத்திமூன்றில் உறைத்தது:
ஒன்பது வருடம் எத்தனை வெறும் சுற்று சுற்றியிருக்கிறேன்!

அப்போது வாளிப்பல் எதையோ உரசியது.
கல்லென்றால் கரகரக்கும்.
இது மெல்ல முனகியது.
நிறுத்தினேன். வியெஸ்வாவ் குழிக்குள் இறங்கி
மண்வாரியால் சுரண்டினான்.
எந்த வரைபடத்திலும் இல்லாத ஈயக்குழாய்,
கீறல் மட்டும், உடையவில்லை.
மேலே பார்த்து, காதைத் தொட்டுக் காட்டினான்.
காலையிலிருந்து அவன் எனக்குச் சொன்ன
முதல் வார்த்தை அது.

இரண்டரை. வானம் கறுத்தாயிற்று.
ஒன்பது சதவீதம்.
அதில் நான்கு நான் தொடாத பணம்,
ஊர்ந்து சுவர்வரை திரும்புவதற்கு.
மூட வேண்டிய குழி இன்னும் பதினெட்டு மீட்டர்.

தூர்பியர்ன் ஒன்றும் சொல்லாமல்
கொட்டகைக்குப் பின்னால் போனான்.
பழைய டீசல் மூன்று முறை இருமிக் கிளம்பியது.
சுன்னிவா ஜன்னலைச் சாத்தினாள்.
நாற்பது நிமிடத்தில் குழி மூடியது.
அறுபது குழாயிலும் தண்ணீர்.

மாலையில் நிரப்ப ஒரு படிவம்.
‘இயந்திரம் நடைமுறைக்கு ஒத்துவருமா?’
ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள்.
‘ஆம்’ கட்டத்தைத் தொட்டுவிட்டு
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
இன்று, இரண்டரை மணிவரை.
அதன் கீழே: லாரி.
அதன் கீழே, கொஞ்சம் யோசித்து:
வியெஸ்வாவுக்கு ஒரு மணி கட்டுங்கள்,
இல்லை, இயந்திரத்துக்கு.

கம்பியைச் செருகினேன்.
விரல்கள் இன்னும் மடங்கவில்லை.
ஐந்து, என்றது திரை.
நான்தான் அதை நம்பவில்லை.